புரொஃபைல் லாக் போட்டாச்சு, போதுமா?

பால்கனி | 12.08.2024, இரவு 9.40

ஃபேஸ்புக்கில் புரொஃபைல் லாக் போட்டாச்சு. இன்ஸ்டா பிரைவேட். வாட்ஸப்பில் டிபி, லாஸ்ட் சீன் எல்லாம் கான்டாக்ட்ஸுக்கு மட்டும். ஆறு இலக்க பின்னும் இருக்கு. இதுக்கு மேல ஒரு சாதாரண ஆள் செய்ய எதுவும் இல்லை, மீதியெல்லாம் பயமுறுத்தல் என்பது என் கட்சி. மறுக்கிறவங்க காரணத்தோட வாங்க.

மவுஸ்பேட் | 12.08.2024, இரவு 10.25

பாதி சரி. அந்த லாக் எதைப் பூட்டுகிறது என்று பாருங்கள். நண்பர் அல்லாதவருக்கு உங்கள் பக்கத்துப் பதிவும் படமும் தெரியாது, டிபியைப் பெரிதாக்க முடியாது. செய்திச் சேனலின் பொதுப் பதிவுக்குக் கீழே நீங்கள் போட்ட கமெண்ட் பொதுவில்தான் நிற்கும். பப்ளிக் குரூப்பில் "இரண்டு பெட்ரூம், பெருங்குடி, வாடகைக்கு, அழைக்கவும்" என்று 2017-இல் நம்பரோடு எழுதியிருந்தால் அதுவும் நிற்கும். ஆக்டிவிட்டி லாக் போய் கமெண்ட்ஸ் என்று வடிகட்டி அடிவரை உருட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஆகும், டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃப்ரெண்ட் லிஸ்ட். உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு திறந்து "அவசரமா 15,000 ஜிபே பண்ணு, சாயந்தரம் தரேன்" என்று கேட்பவனுக்கு உங்கள் பதிவுகள் தேவையே இல்லை. ஒரு படமும், யாரிடம் கேட்கலாம் என்ற பட்டியலும் போதும். படத்தை எப்படியும் எடுத்துவிடுவான். பட்டியலை 'ஒன்லி மீ' ஆக்குங்கள். பொது நண்பர்கள் மட்டும் அப்போதும் தெரிவார்கள், அதை மறைக்க வழி இல்லை.

பால்கனி | 13.08.2024, காலை 7.15

லிஸ்ட்டை மறைச்சாச்சு. பழைய கமெண்ட்டெல்லாம் படிச்சேன். என்னை நானே அன்ஃபிரெண்ட் பண்ண வழி இருக்கா?

சரி, போலிக் கணக்கு வந்தே விட்டால்?

மவுஸ்பேட் | 13.08.2024, காலை 8.02

எல்லாரும் செய்வது, "என் ஐடி ஹேக் ஆயிடுச்சு, நம்பாதீங்க" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட். ஹேக் ஆகவில்லை, நகல் எடுத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் போலிப் பக்கத்தின் லிங்க்கை நகலெடுத்து வையுங்கள். பெயரை மட்டும் குறித்து வைத்தால், அவன் பெயரை மாற்றியதும் தேடிப் பிடிக்க முடியாது. மூன்று புள்ளியைத் தொட்டு ரிப்போர்ட், அதில் வேறொருவராக நடிப்பது, பிறகு 'நான்'. நண்பர்கள் அதே வழியில் போய் 'நண்பர்' என்று உங்களைக் காட்டி ரிப்போர்ட் செய்யலாம். பணம் போயிருந்தால் 1930. யுபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம், அதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தத்தான் அந்த எண், "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் பயன் குறைவு.

நோட்டரி | 13.08.2024, மதியம் 1.30

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை. 2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளில் 3(2)(பி) என்று ஒன்று இருக்கிறது. ஆள்மாறாட்டம், மார்ஃபிங் செய்த படம், அந்தரங்கப் படம் இவற்றைப் பற்றிச் சம்பந்தப்பட்டவர் அல்லது அவர் சார்பில் ஒருவர் புகார் தந்தால், 2024 நிலவரப்படி 24 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். ரிப்போர்ட் பட்டனோடு நிற்காமல், தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தேதியும் நேரமும் உள்ள சான்று கையில் இருக்கும். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனிலேயே போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். (சொந்தத் தொழிலுக்கே வேட்டு வைக்கிறேன்.)

ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது ஐடி சட்டம் 66டி, மூன்று ஆண்டு வரை சிறை.

பிளாக்-சி அட்மின் | 14.08.2024, இரவு 11.10

பால்கனி சார், உங்க லாக் எல்லாம் சரி. உங்க அடுக்ககத்து கூகுள் ஷீட்டை எப்போ திறந்து பார்த்தீங்க?

ஓஎம்ஆர் பக்கம் எந்த அசோசியேஷனை எடுத்தாலும் கதை ஒன்றுதான். ஃபிளாட் நம்பர், ஓனரா டெனன்ட்டா, போன், வண்டி நம்பர், ரத்த வகை, வேலைக்கார அம்மா பெயர், அவங்க வர்ற நேரம். 'லிங்க் உள்ள எவரும் எடிட் செய்யலாம்' என்று வைத்து 300 பேர் உள்ள குரூப்பில் போட்டிருப்பார்கள். காலி செய்துவிட்டுப் போன டெனன்ட், பழைய செக்யூரிட்டி ஏஜென்சி, பெயின்ட் கான்ட்ராக்டர் எல்லார் போனிலும் அந்த லிங்க் உயிரோடு இருக்கும்.

சரி செய்கிறேன் என்று இறங்குபவர்கள் மூன்று இடத்தில் வழுக்குவார்கள். ஒன்று, போன் நம்பர் நெடுவரிசையை அழிப்பது: வெர்ஷன் ஹிஸ்டரியில் பழையது அப்படியே இருக்கும், எடிட் உரிமை உள்ள யாரும் பின்னால் போய்ப் பார்க்கலாம். இரண்டு, ரகசியத் தாளை 'ஹைட்' செய்வது: பார்க்க மட்டும் உரிமை உள்ளவர்கூட மொத்த ஃபைலையும் தன் கணக்கில் நகலெடுத்து அன்ஹைட் செய்துவிடலாம். மூன்றாவது, லிங்க்கை குரூப்பிலிருந்து டெலீட் செய்துவிட்டு ஷேரிங்கை மாற்ற மறப்பது. சரியான வழி: புதுசாக ஒரு நகல், அதில் வேண்டாத நெடுவரிசைகளை நீக்கி, கமிட்டியில் இரண்டு மூன்று பேர் மெயில் ஐடிக்கு மட்டும் உரிமை, பழைய ஃபைலைக் குப்பைக்கு அனுப்பிக் குப்பையையும் காலி செய்வது. தகவல் வாங்க கூகுள் ஃபார்ம். ஒருவர் நிரப்பியது இன்னொருவருக்குத் தெரியாது.

ரத்த வகை எதற்கு என்று எந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. பார்ம்ல இருந்துச்சு, நிரப்பினோம்.

பிளாக்-சி அட்மின் | 14.08.2024, இரவு 11.32

விட்டுப்போனது. குரூப்பிலேயே எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிகிறதே, அதற்கு வாட்ஸப் கம்யூனிட்டி தேவலாம். அறிவிப்புக் குரூப்பில் உறுப்பினர்களுக்குள் நம்பர் தெரியாது, அட்மின்களுக்குத் தெரியும். ஆனால் அதற்குக் கீழே 'பிளாக்-சி லேடீஸ்', 'பார்க்கிங் பஞ்சாயத்து' என்று குரூப் சேர்த்தால் அங்கே பழையபடி எல்லாம் தெரியும். தண்ணி லாரி தகவலுக்கு அறிவிப்புக் குரூப் போதும். பஞ்சாயத்தை கீழே இறங்கி வந்து நேரில் வைத்துக்கொள்ளலாம்.

மாடித்தோட்டம் | 18.08.2024, மாலை 5.45

ஜெராக்ஸ் கடையை விட்டுட்டீங்களே. வாடகை ஒப்பந்தம், ஸ்கூல் அட்மிஷன், கேஸ் கனெக்‌ஷன், எதுக்கானாலும் "இந்த நம்பருக்கு வாட்ஸப் பண்ணுங்கம்மா" என்பார்கள். நாம் அனுப்பிய ஆதார் கடை போனில் ஒன்று, கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒன்று. 'டெலீட் ஃபார் எவ்ரிவொன்' கொடுத்தால் சாட்டில்தான் போகும், டவுன்லோட் ஆனது போகாது. அதுவும் இரண்டு நாள் சொச்சம் தாண்டினால் அந்த ஆப்ஷனே வராது.

பிரிண்ட் வந்த கையோடு, அங்கே நின்றபடியே, "தம்பி, அதை ஷிஃப்ட் டெலீட் பண்ணிடுங்க" என்று சொல்ல வேண்டும். கூச்சப்படாதீர்கள். கடைக்காரருக்கும் அந்தக் குப்பை வேண்டாம்.

கொடுப்பதே மாஸ்க் செய்த ஆதாராக இருக்கட்டும். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு இறக்கும்போது 'மாஸ்க்டு' என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். முதல் எட்டு எண் மறைந்து கடைசி நான்குதான் அச்சாகும். காகித நகலில் குறுக்கே "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து. எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் ஓட வேண்டும். வெள்ளை ஓரத்தில் எழுதினால் அடுத்த நகலில் வெட்டிவிடலாம்.

மவுஸ்பேட் | 18.08.2024, இரவு 8.20

அக்கா சொன்னதோடு ஒன்று. அந்த இ-ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறது, பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, பிறகு பிறந்த ஆண்டு. எல்லாருக்கும் அதே சூத்திரம். பெயர் ஃபைலை வாங்கியவருக்குத் தெரிந்திருக்கும், ஆண்டு உங்கள் ஃபேஸ்புக்கில் இருக்கும்.

"நான் ஆண்டை மறைத்திருக்கிறேன்" என்று பால்கனி சொல்வார். மறைத்திருப்பார். "பொன்விழா ஆண்டு நண்பா, ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று சுவரில் எழுதிய 60 பேரை என்ன செய்வார்? டைம்லைனில் அடுத்தவர் எழுதுவதை நண்பர்களுக்கும் தெரியாதபடி வைக்கலாம், டேக் ரிவ்யூவை ஆன் செய்யலாம். அவர்கள் தங்கள் பக்கத்தில் எழுதினால் ஒன்றும் செய்ய முடியாது. பூட்டு இருப்பது உங்கள் வீட்டுக் கதவில், விவரம் இருப்பதோ ஊரார் வீட்டுத் திண்ணையில்.

கட்டம் | 19.08.2024, காலை 6.30

இதைவிடப் பெரிய ஓட்டை ஜாதகம். யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வரன் பார்க்கும் வாட்ஸப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். அதில் பெண்ணின் பயோடேட்டா பிடிஎஃப்பாக விழுகிறது. முழுப்பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா அம்மா பெயர், உடன்பிறந்தோர், வேலை செய்யும் கம்பெனி, சம்பளம், வீட்டு முகவரி, அப்பாவின் செல் நம்பர், மூன்று போட்டோ. கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்த பிறகும் குரூப் குரூப்பாகச் சுற்றும்.

முதல் சுற்றுக்குப் பெயரின் முதல் எழுத்து, வயது, படிப்பு, ஊர், இவற்றோடு கட்டம் மட்டும் அனுப்பினால் போதும். தேதி வேண்டாம்.

மாடித்தோட்டம் | 19.08.2024, காலை 9.05

கட்டம் மட்டும் அனுப்பினால் தேதி தெரியாதா? ஜோசியரைக் கேட்டுப் பாருங்க சார்.

கட்டம் | 19.08.2024, மதியம் 12.40

ஐயோ, ஆமாம். என் பேரிலேயே கோட்டை விட்டேன். திருத்தம்:

சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு, குரு ஓர் ஆண்டு. இரண்டும் சேர்ந்து அதே இடத்துக்கு வர ஏறக்குறைய 60 ஆண்டு ஆகும், ஆகவே வயது தெரிந்தால் ஆண்டு கிடைத்துவிடும். சூரியன் நிற்கும் ராசி தமிழ் மாதம். சந்திரன் இரண்டேகால் நாள். லக்னம் இரண்டு மணி நேரம். பஞ்சாங்கம் புரட்டத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை, ஆப்பில் அதைவிடக் குறைவு. ராசிக் கட்டம் என்பதே பிறந்த தேதியை வேறு எழுத்தில் எழுதியதுதான்.

அனுப்ப வேண்டியது நட்சத்திரமும் பாதமும் மட்டும். பத்துப் பொருத்தம் பார்க்க நட்சத்திரம் போதும். 27 நட்சத்திரம், 108 பாதம், அதிலிருந்து ஆண்டை யாரும் எடுக்க முடியாது. பொருத்தம் இருந்தால் இரண்டு வீட்டாரும் பேசிய பிறகு, தனி எண்ணுக்குக் கட்டம். செவ்வாய் தோஷம் பார்ப்பவர்கள் முதலிலேயே கட்டம் கேட்பார்கள். "இருக்கிறது, இல்லை" என்று வாயால் சொன்னால் போதும்.

பால்கனி | 19.08.2024, மதியம் 1.15

ஃபேஸ்புக் செட்டிங்ஸில் ஆரம்பிச்சு செவ்வாய் தோஷத்துக்கு வந்துட்டோம். இழை சென்னையில்தான் ஓடுதுன்னு சந்தேகமே இல்லை.

மாடித்தோட்டம் | 02.09.2024, இரவு 9.00

குழந்தைகள் படம். ஜூனில் பள்ளி திறந்த அன்று எல்லார் ஸ்டேட்டஸிலும் அதே படம்: கேட் முன்னால் யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி கார்டு. கார்டில் பெயர், வகுப்பு, ரத்த வகை, அம்மா நம்பர், வேன் ரூட். இன்றைய போன் கேமராவில் இரண்டு விரலால் விரித்தால் அச்சடித்த எழுத்து தெளிவாகப் படிக்க வரும். கார்டைத் திருப்பிப் போட்டு எடுத்தாலும் டையின் கோடும் பையின் பட்டையும் எந்தப் பள்ளி என்று அந்த ஏரியாக்காரருக்குச் சொல்லிவிடும். வீட்டுச் சுவர் முன்னால், டை கட்டும் முன், பை மாட்டும் முன் எடுங்கள். அழகாகவும் இருக்கும்.

மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை இன்னொரு வயிற்றெரிச்சல். பிள்ளையின் படம், பெயர், அப்பா பெயர், விலாசம், மண்டபம், தேதி, நேரம். ஒரு சிறுமியின் உடம்பைப் பற்றிய செய்தியை ஊருக்கு அறிவிக்கலாமா என்று அந்தப் பிள்ளையை யாராவது கேட்டார்களா? அன்று முழுக்க வீடு பூட்டியிருக்கும் என்பதையும் நாமே அச்சடித்துக் கொடுக்கிறோம்.

மவுஸ்பேட் | 02.09.2024, இரவு 9.50

தொழில்நுட்பம் மட்டும் சொல்கிறேன். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் எடுத்த இடம் பற்றிய தகவல் நீங்கிவிடும். அதையே 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அட்சரேகை, தீர்க்கரேகை அப்படியே போகும். கல்யாண போட்டோகிராஃபர்களும் ஆசிரியர்களும் தரம் குறையாமல் இருக்க அப்படித்தான் அனுப்பச் சொல்வார்கள். கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேக்கை அணைத்துவிடுங்கள்.

கறுப்பு அடிப்பது பற்றியும்: கேலரியில் உள்ள ஹைலைட்டர் பேனா பாதி ஒளி ஊடுருவும். மூன்று முறை தேய்த்தால் கறுப்பாகத் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் எண் எழுந்து வரும். நிரப்பிய சதுரத்தால் மூடி, மூடியதை மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த இரண்டாவது படத்தை மட்டும் அனுப்புங்கள். வெட்டிய படத்துக்கும் அதே முறை. கூகுள் பிக்சல் போனின் எடிட்டரில் வெட்டி எறிந்த பகுதி ஃபைலுக்குள்ளேயே தங்கிவிடும் ஓட்டை பல வருஷம் இருந்தது. 2023 மார்ச்சில்தான் அடைத்தார்கள். அதற்கு முன் வெளியே போன படங்கள் போனவைதான்.

பிளாக்-சி அட்மின் | 21.09.2024, காலை 10.20

புதுப் பஞ்சாயத்து. ஷூ ராக்கிலிருந்து செருப்பு காணோம். சிசிடிவியில் டெலிவரி பையன் ஒருவன் குனிவது தெரிகிறது. கிளிப்பை குரூப்பில் போட்டு "திருடன், எல்லா குரூப்புக்கும் ஷேர் பண்ணுங்க" என்கிறார் ஒருவர். அட்மின் என்ற முறையில் என் தலை உருளுமா?

நோட்டரி | 21.09.2024, மாலை 4.00

உங்கள் தலை பத்திரம். அட்மினாக இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. கேரளத்திலும் மும்பையிலும் அதே போக்கு.

போட்டவரும் ஃபார்வர்டு செய்தவரும்தான் யோசிக்க வேண்டும். குனிந்தவன் பார்சலை வைக்கக் குனிந்திருந்தால் அது அவதூறு, பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) 356. "நான் எழுதலை, வந்ததை அனுப்பினேன்" என்பது எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவாகப் பேசிய, வேறொருவர் எழுதிய பதிவை 2018-இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த வழக்கில், அழித்து மன்னிப்பும் கேட்டாகிவிட்டது என்று வாதிட்டார்கள். அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு என்று சொல்லி வழக்கை ரத்து செய்ய மறுத்தது சென்னை உயர் நீதிமன்றம், 2023 ஜூலையில். உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டுக்காக அந்தத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

கிளிப்பை பென்டிரைவில் எடுத்து ஸ்டேஷனில் கொடுங்கள். ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டம் மாறிவிட்டது, பழைய 65பி சான்றிதழ் இப்போது புதுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. டிவிஆரின் (கேமரா பதிவுப் பெட்டியின்) நேரம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கரன்ட் போய் வந்து கடிகாரம் தப்பினால் சாட்சியத்தைக் குடைந்துவிடுவார்கள்.

பிளாக்-சி அட்மின் | 21.09.2024, இரவு 8.15

செருப்பு கிடைத்தது. பக்கத்து ஃபிளாட் ஷூ ராக். கிளிப் அதற்குள் நான்கு குரூப் தாண்டியாச்சு.

பால்கனி | 23.09.2024, காலை 7.50

நோட்டரி சார், 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, 250 கோடி வரை அபராதம் என்று. அந்தப் பையன் அதில் போக முடியாதா?

நோட்டரி | 23.09.2024, மதியம் 2.10

சட்டம் வந்தது, இந்த 2024 செப்டம்பர் வரை அமலுக்கு வரவில்லை. வந்தாலும் தனிமனிதர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதை அது தொடாது. ஒருவர் தானே பொதுவில் போட்ட தகவலையும் தொடாது. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் ஃபார்வர்டு விரல் வரைக்கும் அது இறங்கி வரவில்லை.

பால்கனி | 15.10.2024, காலை 11.05

மழை பின்னுது. வேளச்சேரி பாலத்தில் வரிசையாக நிறுத்திய கார்கள் எல்லா குரூப்பிலும் ஓடுது, நம்பர் பிளேட்டோட. அது கிடக்கட்டும். எங்க குரூப்பில் ஒருவர் போட்டது, நான் பொதுவில் பகிரலாமா? "அவசரம்! இன்ன தெரு, இன்ன கதவு எண், தனியாக இருக்கும் 78 வயது அம்மா, இன்சுலின் வேண்டும், அவர் நம்பர் 98..."

மவுஸ்பேட் | 15.10.2024, காலை 11.12

அப்படியே பகிராதீர்கள். முதலில் போட்டவரைக் கூப்பிட்டு இன்னும் தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால் மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108. அங்கே கதவு எண், நம்பர் எல்லாம் முழுதாகச் சொல்லலாம். பொதுவில் போவது இவ்வளவுதான்: ஏரியா, தெருவின் பெயர், என்ன தேவை, எத்தனை யூனிட், தேதி, மணி, தொடர்புக்கு உங்கள் நம்பர். அந்த அம்மாவுடையது வேண்டாம். அவர் போனில் சார்ஜ் எவ்வளவு மிச்சமோ. ஐம்பது பேர் "உதவி வந்துச்சா?" என்று கூப்பிட்டே அதைத் தீர்த்துவிடுவார்கள். தனியாக இருக்கிறார் என்ற சொல்லையும் எடுங்கள்.

இடத்துக்கு, வருகிற ஆளிடம் மட்டும் லைவ் லொகேஷன், 1 மணி நேரம். கூகுள் மேப்பின் ப்ளஸ் கோடு இருந்தால் சாதாரண எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்பலாம்.

பால்கனி | 15.10.2024, மதியம் 1.40

மருந்து போய்ச் சேர்ந்தது. இரண்டாவது குறுக்குத் தெரு கடையிலேயே இருந்திருக்கு. பதிவை எடுத்துட்டேன்.

மவுஸ்பேட் | 18.10.2024, இரவு 9.30

தண்ணீர் வடிந்துவிட்டது. இப்போதே எல்லாரும் ஒரு வேலை செய்யுங்கள். எக்ஸ் தேடலில் 'ஃப்ரம்' என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி, உங்கள் ஐடி. இடம் விட்டு 'சின்ஸ்', முக்காற்புள்ளி, 2023-12-03. மறுபடி 'அன்டில்', முக்காற்புள்ளி, 2023-12-10. மிக்ஜாம் புயல் வாரத்தில் நீங்கள் எழுதியது மட்டும் வரிசையாக வரும். அன்று அவசரத்தில் போட்ட அடுத்தவர் நம்பரும் விலாசமும் இன்னும் பொதுவில் கிடக்கிறது. நீங்கள் அழித்தால் ரீபோஸ்ட்டும் சேர்ந்து போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவன் பாவம் அவனோடு.

பால்கனி | 18.10.2024, இரவு 10.48

தேடினேன். ஏழு இருந்தது. ஆறை அழிச்சாச்சு. ஏழாவது நான் கோட் பண்ணிப் பகிர்ந்தது, அந்தப் பகிர்வை எடுத்துட்டேன், ஆனா மூலப் பதிவு இன்னும் நிக்குது. முடிச்சூர், ஒரு பாட்டி, கதவு எண், போன் நம்பர் எல்லாம் முழுசா. போட்டவர் டிபி ஒரு மவுஸ்பேட்.

மவுஸ்பேட் | 18.10.2024, இரவு 10.51

அழித்துவிட்டேன்.